படி ஏறும் காலமும் பணம் சேரும் காலமும்

என் பெரியம்மா இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். அவருடைய லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, வாசலில் நின்றால் சிவனொளிபாதமலை நேரே தெரியும். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். அந்த மாதங்களில் மலைப்பாதையின் மின்விளக்குகள் இரவெல்லாம் அடிவாரத்திலிருந்து உச்சிவரை வளைந்து வளைந்து எரியும். அதைப் பார்க்கும் ஒவ்வொரு வருடமும் பெரியம்மா, "ஈ.பி.எப். காசு கைக்கு வரட்டும், ஒரு தடவ ஏறிட்டு வந்துறலாம்" என்று சொல்வார். ஈ.பி.எப். என்பது வேலைக்காலத்தில் மாதாமாதம் சேர்ந்து ஓய்வில் கைக்கு வரும் பணம். காசும் வந்தது, அந்த வருடமே அவரை மலையடிவாரமான நல்லதண்ணிக்கு அழைத்துப் போனோம். சீதகங்குலை ஓடையைத் தாண்டிய சிறிது நேரத்திலேயே அவருடைய இரண்டு முழங்கால்களும் மறுத்துவிட்டன. ஒரு தேநீர்க் கடையின் வாங்கில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் பைகளப் பாத்துக்கிறேன்" என்றார்.

திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பயணத்துக்கு எங்களுக்கு ஆன செலவு பஸ் கட்டணமும், இரண்டு வேளைச் சாப்பாடும், சில பிளேன்டீக்களும் மட்டுமே. முப்பத்தைந்து வருடங்களில் எந்த மாதச் சம்பளத்திலும் அதை அவர் செய்திருக்கலாம். ஈ.பி.எப். பணத்துக்கும் அந்த மலைக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. தொடர்பு இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டார், நாங்களும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தோம்.

ஓய்வுக்காலத் திட்டமிடல் பற்றிப் பேசும் பலரும், இன்றைக்கு வாழ்வதையும் நாளைக்குச் சேமிப்பதையும் ஒரு தராசின் இரண்டு தட்டுகளாக வைத்துக் காட்டுகிறார்கள். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்பது அதன் பொருள். அந்த உவமை பாதிதான் சரி என்பது என் கருத்து. வாழ்க்கைக்குத் தேவையான மூன்று பொருட்கள், அதாவது பணம், உடல்வலு, நேரம் ஆகியவை, ஒரே வயதில் நம்மிடம் சேர்வதில்லை. இருபதுகளில் வலு இருக்கும், பணம் இருக்காது. நாற்பதுகளில் பணம் ஓரளவு இருக்கும், நேரம் இருக்காது. அறுபதுக்குப் பிறகு நேரம் தாராளமாக இருக்கும், முழங்கால் இருக்காது. ஆகவே சமநிலை என்பது, சம்பளத்தில் எவ்வளவைச் செலவழிப்பது என்ற கேள்வியைவிட, எதை எந்த வயதில் செய்வது என்ற கேள்விக்கே அதிகம் நெருக்கமானது.

முதலில் எதிர்காலப் பக்கத்தைப் பார்ப்போம். ஓய்வுக்காலத் திட்டமிடல் என்றால், உழைப்பு நின்ற நாளிலிருந்து உயிர் இருக்கும் நாள்வரை மாதாமாதம் அடுப்பு எரிய என்ன வழி என்று முன்கூட்டியே கணக்குப் பார்ப்பதாகும். தனியார் துறையில் ஓய்வு பெறும் ஆகக் குறைந்த வயது 60 என்று 2021ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அறுபதைத் தொட்டவர் எண்பதைத் தாண்டி வாழ்வது இப்போது அதிசயமில்லை என்பதால், 85 வரை என்று வைத்துக் கணக்குப் போடுவது பாதுகாப்பானது. அதாவது 25 வருடங்கள், 300 மாதங்கள். ஒருவர் ஓய்வு பெறும்போது கையில் 30 இலட்சம் ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்திலும் கடைவீதியிலும் இது பெரிய தொகையாகத்தான் தெரியும். உறவினர் பலரின் நடமாட்டமும் வீட்டில் திடீரெனக் கூடும். அதை 300 மாதங்களால் வகுத்தால் மாதத்துக்கு 10,000 ரூபா. வங்கி வட்டி விலைவாசி உயர்வை மட்டும் ஈடுகட்டும் என்று கொண்டால், அந்த 30 இலட்சத்தின் உண்மையான பலம் இவ்வளவுதான். மொத்தத் தொகையை மாதத் தொகையாக மாற்றிப் பார்க்கும் இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால், ஓய்வுக்காலத் திட்டமிடலின் பாதியை ஒருவர் கற்றுக்கொண்டுவிட்டார் என்றே சொல்வேன்.

ஆனால் நாம் வெறுங்கையோடு தொடங்குவதில்லை என்பதைத் தொழில் செய்யும் பலரும் கவனிப்பதில்லை. சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதியத்துக்கு, அதாவது ஈ.பி.எப்.புக்கு, நம் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் கழிக்கப்படுகிறது; தொழில்தருநர் தன் பங்காக 12 சதவீதம் சேர்க்க வேண்டும். இதற்கு மேல் 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, அதாவது ஈ.டி.எப்.புக்கு, தொழில்தருநர் 3 சதவீதம் கட்ட வேண்டும். இதற்காக நம் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. ஹட்டன் நகரத்துக் கடையொன்றில் 60,000 ரூபா சம்பளத்தில் கணக்கெழுதும் ஒருவரை எடுத்துக்கொண்டால், அவருடைய கையிலிருந்து போவது 4,800 ரூபா. அவருடைய பெயரில் சேர்வது 13,800 ரூபா. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் மாதம் 20 நாள் வேலை செய்த கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் 27,000 ரூபா; அதில் கழிந்தது 2,160, சேர்ந்தது 6,210.

இவை தவிர பணிக்கொடை இருக்கிறது. தோட்டங்களில் சேவைக்காலப் பணம் என்பார்கள். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடங்களாவது சேவை செய்தவருக்கு 1983ஆம் ஆண்டின் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. மாதச் சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு 14 நாட் சம்பளம். கடைசியாகப் பெற்ற சம்பள வீதத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், 1,350 ரூபா நாட்சம்பளத்தில் 25 வருட சேவையோடு விலகும் ஒருவருக்கு 472,500 ரூபா சேர வேண்டும்.

ஈ.பி.எப். பணத்தை, வேலையை விட்டு விலகும் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பெற்றுக்கொள்ளலாம். பெண்களுக்குத் திருமணம், மற்றும் எவருக்கும் நிரந்தர உடல் இயலாமை, நாட்டை விட்டுக் குடிபெயர்தல், ஓய்வூதியமுள்ள அரச வேலையில் சேர்தல் போன்ற காரணங்களுக்காக அதற்கு முன்னரும் பெறலாம். வீட்டுக்கும் சில மருத்துவத் தேவைகளுக்கும் 30 சதவீதம்வரை இடையில் எடுக்க 2012ஆம் ஆண்டின் திருத்தம் வழி செய்தது. இந்த இடத்தில்தான் ஒரு சிக்கல் எழுகிறது. திருமணமான கையோடு வேலையை விட்டுப் பணத்தை எடுத்து, அதைக் கல்யாணச் செலவுக்கே கரைத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து வேறு கடையில் புதிய இலக்கத்தோடு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும் பெண்களை நான் அறிவேன். இளவயதில் போட்ட பணம்தான் ஆக நீண்ட காலம் வட்டி குட்டி போடும் பணம். அதைத்தான் நாம் முதலில் உடைக்கிறோம்.

வட்டி குட்டி போடுவதை எண்களால் காட்டுவது எளிது. விலைவாசி உயர்வைக் கழித்தபின் வருடத்துக்கு 3 சதவீதம் தேறும் என்று கொள்வோம். 25 வயதில் மாதம் 3,000 ரூபா போடத் தொடங்குபவர் 60 வயதில் சேர்த்திருக்கும் தொகையை, 40 வயதில் தொடங்குபவர் எட்ட வேண்டுமானால் மாதம் ஏறத்தாழ 6,800 ரூபா போட வேண்டும். முதலாமவர் மொத்தமாகக் கட்டியது 12 இலட்சத்து 60 ஆயிரம். இரண்டாமவர் கட்டியது 16 இலட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்கைச் சொல்லி இளையவர்களைப் பயமுறுத்துவது வழக்கம். எனக்கோ இதன் மறுபக்கம்தான் பிடித்திருக்கிறது: சிறிய தொகையை முன்கூட்டியே தொடங்கிவிட்டவருக்கு, மீதிச் சம்பளத்தைக் குற்ற உணர்வின்றிச் செலவழிக்கும் உரிமை கிடைத்துவிடுகிறது.

இனி விலைவாசி. மத்திய வங்கி இப்போது வைத்திருக்கும் பணவீக்க இலக்கு 5 சதவீதம். அந்த இலக்கு தவறாமல் கைகூடினாலும், இன்று மாதம் 50,000 ரூபாவில் ஓடும் குடும்பத்துக்கு 30 வருடங்களுக்குப் பிறகு அதே வாழ்க்கைக்கு 216,000 ரூபா வேண்டும். இலக்கு கைகூடாத காலத்தில் என்ன நடக்கும் என்பதை நாம் எல்லோரும் பார்த்துவிட்டோம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாகவும், உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 சதவீதமாகவும் இருந்தது. அந்த வருடம் ஈ.பி.எப். மீதிக்குக் கிடைத்த வட்டி 9 சதவீதம். ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் 170 ரூபாவுக்குப் போனபோது, சேமிப்பில் இருந்த 100 ரூபா 109 ரூபாவாகவே வளர்ந்தது.

அந்த வருடம் எங்கள் ஊரில் பலருடைய மனம் மாறியது. சேமித்தவன் முட்டாள், அனுபவித்தவன் புத்திசாலி என்ற பேச்சு கடைவீதியில் எழுந்தது. நியாயமான கோபம்தான், என்றாலும் முடிவு தவறானது. அந்த நெருக்கடி காட்டியது, எல்லாவற்றையும் ரூபாவாகவே வைத்திருப்பதன் ஆபத்தை. அதே காலத்தில் காதிலும் கழுத்திலும் இருந்த தங்கத்தின் விலை ஏறியது. லயத்துக்குப் பின்னால் நான்கு பாத்தி லீக்ஸும் கிழங்கும் போட்டவர் வீட்டில் கறி இருந்தது. தையல் மெசினும் தொழிலும் கைவசம் வைத்திருந்தவருக்கு வருமானம் முற்றாக நிற்கவில்லை. ஓய்வுக்காலத்துக்கான ஏற்பாடு என்பது வங்கிப் புத்தகத்தோடு முடிந்துவிடுவதில்லை. மலையகத்தில் அதன் முதல் பக்கம் கூரை. லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தமானது. தோட்டத்து வேலைப் பெயர்ப் பதிவு போன பிறகு அங்கே இருப்பது பிள்ளைகள் யாராவது தோட்டத்தில் வேலை செய்வதைப் பொறுத்த விடயமாகிவிடுகிறது. வீடு கட்ட 7 பேர்ச் (பேர்ச் என்பது நில அளவு) காணியும் அதற்கான உறுதிப் பத்திரமும் கிடைக்கும் வாய்ப்பிருந்தால், அதற்காக அலைவது எந்த நிலையான வைப்பையும்விட முந்திய வேலை.

மறுபுறம் என் சித்தப்பா. கொழும்பில் துணிக்கடைகளில் வேலை செய்தவர். புதுப் படம் வந்தால் முதல் நாள், தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் தெருவுக்கே பட்டாசு. அவர் வாழவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் வேலை செய்த கடைகளில் ஒன்றுகூட ஈ.பி.எப். கட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. இப்போது மகளின் வீட்டில் இருக்கிறார். மகள் முகம் சுளிப்பவள் அல்ல. இருந்தும் அவர் ஒரு வெற்றிலையை நீளவாக்கில் கிழித்துப் பாதியை ஈரத் துணியில் சுற்றி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் கேட்காமல் சமாளிப்பதற்காக. ஒரே ஒருவர் வேலை செய்யும் இடமானாலும் தொழில்தருநர் ஈ.பி.எப். கட்டியாக வேண்டும் என்பதும், கட்டாவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம் என்பதும் அவருக்கு அறுபது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஓட்டோ ஓட்டுபவர், மரக்கறி வியாபாரி, வீட்டிலிருந்து தைப்பவர் போன்ற, முதலாளி இல்லாத தொழிலாளருக்கு அந்த வழி இல்லை. அவர்கள் இலங்கைச் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டங்களைப் பிரதேச செயலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம், அல்லது தாங்களே தங்களுக்கு முதலாளியாகி மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கலாம்.

இப்போது இன்றைய நாளின் பக்கம். எந்த மகிழ்ச்சியைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடக் கூடாது என்று பிரித்தறிய நான் இரண்டு கேள்விகளை வைத்திருக்கிறேன். இதை என் அறுபதாவது வயதில் இதே உடலோடு செய்ய முடியுமா? இதில் பங்குகொள்ள வேண்டியவர்கள் அப்போது இருப்பார்களா? மலையேறுவது முதற் கேள்வியில் விழுந்துவிடும். அம்மாவை மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கு அழைத்துப் போவது இரண்டாவது கேள்வியில் விழுந்துவிடும். அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. மகளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது பதுளை ரயிலில் ஜன்னலோரம் உட்காரவைத்து, தெமோதரையில் ரயில் தான் வந்த பாதைக்கு அடியிலேயே நுழைந்து போவதைக் காட்டுவதற்கும் காலக்கெடு உண்டு. பதினெட்டு வயதில் அவள் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். நல்ல கட்டிலும் பெரிய தொலைக்காட்சியும் எந்த வயதிலும் வாங்கலாம். வியப்பென்னவென்றால், காலக்கெடு உள்ளவை பெரும்பாலும் மலிவானவை. காலக்கெடு இல்லாதவைதான் தவணைக்கு வருகின்றன.

ஆகவே "வாழ்ந்துவிட வேண்டும்" என்று நாம் சொல்லிச் செலவழிப்பதில் எவ்வளவு உண்மையில் நமக்காக என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சாமத்தியச் சடங்குக்கு மண்டபமும் வீடியோவும் வாரக் கடனில் நடக்கும்போது, அந்த நாளில் ஆகக் குறைவாகச் சிரித்தவர்கள் பிள்ளையின் தாயும் தகப்பனுமாகத்தான் இருப்பார்கள். தீபாவளி முற்பணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தோட்டங்களில் பண்டிகைக்கு முன் கொடுத்து, பிறகு சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கும் தொகை அது. புது உடுப்பும் பலகாரமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருடமெல்லாம் மழையிலும் அட்டைக்கடியிலும் நிற்பவர்களுக்கு அந்த ஒரு நாள் நிறைவாக இருக்கத்தான் வேண்டும். என் ஆதங்கம் வரிசையைப் பற்றியது. பண்டிகை முடிந்த பிறகு மாதாமாதம் கழிபடும் அதே தொகையைப் பண்டிகைக்கு முன் மாதாமாதம் ஒதுக்கினால், பணமும் பண்டிகையும் மாறுவதில்லை. தையும் மாசியும் மட்டும் இலேசாகிவிடும். முதல் வருடம் பழைய கழிவும் புதிய ஒதுக்கலும் ஒன்றாகச் சேர்வதால் கடினம். நல்ல தலைவர் பிடிக்கும் சீட்டு ஒன்று அந்த முதல் வருடத்தைத் தாண்ட உதவும். சீட்டில் தலைவரின் குணம்தான் வட்டி வீதம் என்பதை மறக்காமல் சேர வேண்டும்.

நடைமுறையில் எப்படித் தொடங்குவது என்று கேட்டால், என் வரிசை இதுதான். வாரக் கடனோ அடகோ இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். எந்தச் சேமிப்பு வட்டியும் அந்த வட்டியை வெல்லாது. பிறகு இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணத்தை உடனே எடுக்கக்கூடிய கணக்கொன்றில் வைக்க வேண்டும். அதன் பிறகு சம்பளம் விழும் நாளிலேயே, தானாகக் கழியும்படி, ஒரு சிறு தொகையை நீண்டகாலக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சியதைச் சேமிப்பேன் என்ற வாக்குறுதி எங்கள் வீட்டில் ஒருமுறைகூட நிறைவேறியதில்லை. சம்பளம் கூடும்போது கூடிய தொகையில் பாதியை அந்தக் கணக்குக்கும் பாதியை வாழ்க்கைக்கும் என்று பிரித்துக்கொண்டால், சேமிப்பும் வளரும், கூடிய சம்பளத்தின் சுவையும் நாவில் படும். கடைசியாக, காலக்கெடு உள்ள மகிழ்ச்சிகளுக்கென்று வேறொரு சிறு கணக்கு. இதை உண்டியலாகவும் வைக்கலாம். முக்கியமானது, இதில் உள்ள பணத்தை வருடத்துக்குள் செலவழித்தே ஆக வேண்டும் என்பது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாதம் இருபது பேர், அதாவது இருபது நாள் வேலைப் பதிவு, விழுவதே நிச்சயமில்லாத ஒருவரிடம் போய், இன்னும் கொஞ்சம் சேமியுங்கள் என்று சொல்வது அவரை அவமதிப்பதாகும். அவருடைய சம்பளத்தில் ஏற்கெனவே 8 சதவீதம் போகிறது. அவர் செய்யக்கூடிய ஆகச் சிறந்த ஓய்வுக்காலத் திட்டமிடல், தன்னுடையதைக் காப்பாற்றுவது. செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், "செல்லம்மா" என்றும், அடையாள அட்டையில் "செல்லம்மாள்" என்றும், பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்திலும் பெயர் இருப்பதால் பணம் பெறும் காலத்தில் மாதக்கணக்கில் அலைந்தவர்கள் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. நாற்பது வயதில், கால் ஓடும் காலத்தில், அந்த எழுத்தைத் திருத்திவைப்பது ஒரு நாள் சம்பள இழப்போடு முடிந்துவிடும். அரச பாடசாலை ஆசிரியர் போன்று ஓய்வூதியம் உறுதியானவருக்கோ நான் எதிர்மாறாகச் சொல்வேன்: மாத வருமானம் ஆயுள்வரை வருமென்றால், மற்றவரைப் போலப் பயந்து சேர்த்துக் குவிக்கத் தேவையில்லை, அவருக்குப் பற்றாக்குறையாக இருக்கப்போவது முழங்கால்தான்.

கடந்த மாசியில் நானும் மகளும் மலை ஏறினோம். உண்டியலில் இருந்த பணம் போதுமாக இருந்தது. மாதக் கழிவில் கை வைக்கவில்லை. விடிவதற்கு முன் உச்சியில் நின்று பெரியம்மாவுக்கு போன் எடுத்தோம். அவர் லயத்து வாசலுக்கு வந்து நிற்பதாகவும், எங்களுக்குத் தெரியும்படி டோர்ச்சை ஆட்டுவதாகவும் சொன்னார். கீழே மூடுபனிக்கு நடுவே எத்தனையோ வெளிச்சங்கள் சிதறிக் கிடந்தன. அவற்றுள் எது அவருடையது என்று எனக்குத் தெரியவில்லை. மகள் மட்டும், "ஆமா பாட்டி, தெரியுது, நல்லா ஆட்டுங்க" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.